விட்டுக்கொடுக்காத வரி

காலை ஒன்பதரைக்கு லிஃப்ட்காரி தம்பியைக் கையோடு இழுத்துக்கொண்டு பழைய நூலகத்தின் படியேறினாள். ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக லிஃப்ட் ஓட்டுகிறவள். தம்பி வெல்டர். போன வருடம் இதே கூடத்தில் வாயடைத்துப்போனவன். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

வருடத்தில் ஒரு நாள் அங்கே ஊர்க்காரர்கள் கூடி, பழைய கிரேக்கப் போர்க்காவியத்தை மாலை வரை உரக்கப் படிப்பார்கள். ஆளுக்குப் பத்துப் பக்கம். நடுவில் குரல் அறுபடக்கூடாது. அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கடைசி வரியைச் சேர்ந்து படிப்பார். இரண்டாம் குரல் கேட்டதும் முதல் ஆள் நிறுத்திவிட வேண்டும். புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

போன வருடம் தம்பி நான்காவது பக்கத்திலேயே இரண்டாம் குரலைக் கேட்டான், நிறுத்தினான். பின்னால் யாரும் இல்லை. அன்று போன அவன் குரல் இன்னும் திரும்பவில்லை.

நூலகர் அவளைப் பார்த்ததும் நெளிந்தார். இந்த வருடம் அந்தப் பக்கங்களை விட்டுவிடலாம், எதற்கு வம்பு என்று இழுத்தார்.

"என் தம்பி படிக்க ஆரம்பிச்ச இடத்துலதான் சார் நானும் ஆரம்பிப்பேன்."

"பின்னாடி கேட்டுச்சுன்னா?"

"கேக்கட்டும். பிணத்தோட தனியா கீழ மார்ச்சுவரிக்கு இறங்கினவ நான். ஒண்ணுகூட என்னை வாயை மூடச் சொன்னதில்லை."

மதியம் மூன்று மணிக்கு அவள் முறை வந்தது. தம்பி முன்வரிசையில், தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். வெளியே சுள்ளென்று வெயில். களத்தில் சாகிறவர்களைத் தகப்பன் பெயரோடு ஒவ்வொருவராகச் சொல்லும் பகுதி அது. நோயாளிகளுக்கு மாடி எண் சொல்வதுபோல் ஏற்ற இறக்கமில்லாமல் படித்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது பக்கத்தில் மின்விசிறியின் கிறீச்சொலி நின்றது. விசிறியின் நிழல் மட்டும் தாளின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவதில், எரிந்த கட்டையில் தண்ணீர் ஊற்றிய வாடை.

நான்காவதில் பிடரியில் சில்லென்று மூச்சு பட்டது.

பிறகு அந்தக் குரல் சேர்ந்துகொண்டது.

தம்பியின் குரல்.

ஒரு வருடமாக அவள் கேட்காத குரல். வீட்டில் கரகரவென்று சண்டை போடும் அதே குரல், காதருகே வரிக்கு வரி ஒட்டிக்கொண்டு வந்தது. நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அவள் நாக்கு ஒருமுறை தடுமாறியது.

திருட்டு நாயே என்று மனதுக்குள் திட்டிவிட்டு, இன்னும் உரக்கப் படித்தாள்.

குரலும் உயர்ந்தது. முன்வரிசையில் நாற்காலிகள் தரையில் தேய்ந்தன. யாரோ எழுந்து ஓடினார்கள். அவள் நிமிரவில்லை. ஐந்து. ஆறு. ஏழு. தொண்டை வறண்டு ரத்தம் கரித்தது. பத்தாவது பக்கம் முடிந்தும், அடுத்துப் படிக்க வேண்டிய நூலகர் கிட்டே வரவில்லை. பரவாயில்லை என்று பதினொன்றைப் புரட்டினாள்.

அப்போது ஒரு கை தாளின் மேல் வந்து, அவள் விரலுக்குப் பக்கத்தில் வரியைத் தொட்டது.

சூடான கை. புறங்கை முழுக்க வெல்டிங் தீப்பொறித் தழும்பு.

தம்பி எழுந்து வந்து, அந்தக் குரல் வந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்றிருந்தான்.

அதற்கு மட்டும்தான் அவள் நிறுத்தினாள்.

குரல் நிற்கவில்லை. இப்போது அது தம்பியின் வாயிலிருந்து, எச்சில் தெறிக்க வந்தது. தன் பத்துப் பக்கத்தைப் படித்து முடித்த பிறகுதான் அவன் அழுதான்.

மாலை பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, "பசிக்குதுக்கா" என்றான்.

"வா, வீட்டுக்குப் போகலாம்."

'போகலாம்' மட்டும் இரண்டு தடவை கேட்டது. இரண்டாவது, அவள் பிடரிக்குப் பின்னாலிருந்து, அவளுடைய குரலிலேயே.

தம்பியின் முகம் வெளுத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் கூட்டத்தைப் பற்றி, நூலகரின் கோழைத்தனத்தைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம் உரக்கப் பேசிக்கொண்டே நடந்தாள்.

வீடு வரை அதுவும் கூடவே பேசிக்கொண்டு வந்தது. அவள் வாயை மூடவில்லை.