காய்க்காத மரத்திலிருந்து ஒரு காய்

போன் அலறியது. காலை ஏழு மணி.

இன்ஸ்பெக்டர் ஜசீரா எடுத்தாள்.

"மேடம், அம்ப்ரோசிம் பேசறேன். நம்ம மாட்டுப் பண்ணையில ஒரு பொணம் கிடக்கு... விபத்துதான்! தலையில காய் விழுந்திருக்கு. சும்மா ஒரு நடை வந்து எழுதிட்டுப் போயிடுங்க."

பிணத்தோடு காரணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள் எங்கள் பாரா மாநிலத்துப் பண்ணைக்காரர்கள். அவ்வளவு தாராளம்!

ஜசீரா போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

கண்ணுக்கெட்டிய வரை புல். நடுவில் ஒரே ஒரு கஸ்தான்யாக் கொட்டை மரம். அதை வெட்டச் சட்டம் விடாது. அதனால் சுற்றியிருந்த காட்டையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, அதை மட்டும் விட்டு வைத்திருந்தார் அம்ப்ரோசிம்.

மரத்தடியில் ஒடோரிக்கோ. காட்டில் கஸ்தான்யா காய் பொறுக்கி, உள்ளே இருக்கும் கொட்டையை விற்றுப் பிழைத்தவர். மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் தேங்காய் அளவில், கருங்கல் கனத்தில் ஒரு காய். அதில் ரத்தம்!

மழை மாதங்களில் அந்தக் காய் உச்சியிலிருந்து விழுந்தால் ஆள் காலி. இங்கே எல்லோருக்கும் தெரியும்.

"பார்த்தீங்களா மேடம்?" என்றார் அம்ப்ரோசிம். "நான் என்ன பண்ண முடியும்? மரத்தையா கைது பண்ணுவீங்க?"

"பொய்!"

ஒடோரிக்கோவின் மனைவி ஜெனிவால்டா ஓடி வந்தாள். பின்னாலேயே மகன் எலியெல்சன். அம்ப்ரோசிமிடம் ரம்பம் பிடிக்கிற வேலை அவனுக்கு.

"இந்தாளுதான் கொன்னான் மேடம்! எங்க காடு ஒண்ணுதான் மிச்சம். அதை யாரும் தொடக் கூடாதுன்னு எழுதிக் குடுக்க, என் வீட்டுக்காரர் திங்கக்கிழமை டவுனுக்குப் போறதா இருந்தார். அதுக்குள்ள..."

"அம்மா, சும்மா இரு!" எலியெல்சன் அவள் தோளைப் பிடித்தான். "காய் விழுந்துச்சு, செத்துட்டார். விடு. பொதைக்கிற வழியைப் பார்ப்போம்."

"எப்படிடா விழும்? இந்த மரம் காய்ச்சு ஆறு வருஷம் ஆச்சே! பூக்கும். ஆனா பூவுல வந்து உக்கார்ற வண்டு காட்டுலதானே இருக்கும்? காடுதான் இல்லையே!"

ஜசீரா அண்ணாந்து பார்த்தாள். கிளைகளில் ஒரு காய்கூட இல்லை.

"சபாஷ் அக்கா. அப்போ இது கொலை."

அம்ப்ரோசிமின் முகம் வெளுத்தது. ஜெனிவால்டாவுக்கு மட்டும் உயிர் வந்தது. இவன் ஜெயிலுக்குப் போனால் காடு பிழைக்கும். புருஷன் இல்லாவிட்டாலும் அவர் காடாவது இருக்கும்!

ஜசீரா கைக்குட்டையால் காயைத் தூக்கினாள். வைத்தாள். கைக்குட்டையைப் பார்த்தாள்.

கறுப்பு!

"இது என்ன கரி? மரத்துக் காயில எப்படிக் கரி வரும்?"

"அடுப்புக் கரியா இருக்கும் மேடம்," என்றாள் ஜெனிவால்டா. " வருஷத்து முதல் காயை நாங்க உடைக்க மாட்டோம். அடுப்புக்கு மேல கட்டித் தொங்க விடுவோம். அவரோட வழக்கம் அது, ஊர்ல வேற யாரும்..."

நிறுத்தினாள்.

"நேத்து வீட்ல யார் இருந்தாங்க அக்கா?" ஜசீராவின் குரல் இறங்கியிருந்தது.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன். அவர் இருந்தார். அப்புறம்..."

மெதுவாகத் திரும்பினாள்.

எலியெல்சன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்... இல்லைன்னு சொல்லுடா."

"கெஞ்சினேன்மா!" அவன் வெடித்தான். "காடாவே கிடந்தா சும்மா கிடக்கிற நிலம்னு எவனாவது வளைச்சுப்பான். வெட்டிப் புல்லு போட்டாத்தான் நம்மதுன்னு ஆகும்! எல்லாரும் வெட்டிட்டாங்க, எல்லார் வீட்லயும் மாடு நிக்குது. அப்பா கேக்கல. கையெழுத்துப் போட்டே தீருவேன்னார். கைக்குக் கிடைச்சதை எடுத்து... ஒரே அடிம்மா. சாவார்னு நினைக்கல. அதான் தூக்கிட்டு வந்து இந்த மரத்தடியில போட்டேன்."

காய் விழுந்து செத்தார் என்றால் ஊரே நம்பும். கஸ்தான்யா பொறுக்கும் வீட்டில் பிறந்தவனுக்கு அது தெரியாதா? எந்த மரம் மலடானது என்பதைத்தான் மறந்துவிட்டான். அவன் காட்டுக்குள் கூடையோடு போய்ப் பல வருஷமாயிற்று, பாவி.

ஜெனிவால்டா அழவில்லை.

"நானே சொல்லிட்டேனா மேடம்?" என்றாள். "என் வாயாலயே?"

ஜசீரா எலியெல்சனுக்கு விலங்கு மாட்டினாள்.

ஜெனிவால்டா புல்லில் உட்கார்ந்து, புருஷனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மகனை ஏற்றிய ஜீப்பை அவள் பார்க்கவே இல்லை.

அம்ப்ரோசிம் பெருமூச்சோடு தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"இப்பவாவது ஒத்துக்கறீங்களா மேடம்? இதுல எனக்குச் சம்பந்தமே இல்ல!"

"ஒத்துக்கறேன் சார்," என்றாள் ஜசீரா. "மரம் வெட்டத்தான் அவனுக்குக் கூலி குடுத்தீங்க. இதை உங்களுக்கு ஓசியிலேயே முடிச்சுக் குடுத்துட்டான்!"