பக்கத்து வீட்டுச் சூடு

எஃபி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வடக்குத் தீவிலிருந்து கிளாஸ்கோவுக்கு வீட்டு வேலைக்கு வந்தவள். நனைந்த சால்வையைக்கூடக் கழற்றாமல், துப்பறிவாளர் கில்கிறிஸ்ட் முன்னால் நின்றபடியே சொன்னாள்.

"பெரியவரு குளிர்ல வெறச்சுச் செத்துட்டாரு ஐயா. புது வருசத்தன்னிக்கு நான் குடிச்சிட்டு நெருப்ப அணைய விட்டுட்டேன்னு அவரு மகன் சொல்றாரு. நாளைக்கு போலீசுக்குப் போறாராம். அந்த அறையில நான் நெருப்பே போட்டதில்ல. கரி அறைச் சாவி மகன் இடுப்ப விட்டு எறங்காது."

ஏழை சொல் அம்பலம் ஏறாது. செத்துப்போன நினியன் ஹால்டேன், அந்தத் தெருவின் மணற்கல் வீட்டு வரிசை முழுவதையும் வரைந்து கட்டியவர். மகன் காலின் தேவாலயத்தில் முன்வரிசைக்காரர். இவளா அவரா என்றால் யார் பேச்சு எடுபடும் என்பது கில்கிறிஸ்டோடு உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரன் பர்டிக்கு நன்றாகத் தெரியும். துப்பு என்றால் சோறு தண்ணீர் வேண்டாதவன் அவன். கில்கிறிஸ்ட் எழுவதற்குள் வாசலுக்குப் போய்விட்டான்.

பெரியவர் செத்தது மேல்மாடிப் பின்னறையில். கட்டில், நெருப்பு போடும் கணப்பை விட்டு விலகி, எதிர்ச்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட தாள், கட்டிலை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் அழுக்கேறித் தேய்ந்திருந்தது.

"பாத்தீங்கல்ல?" என்றார் காலின். "நெருப்புப் பக்கம் இருந்த கட்டில அவரே இழுத்துப் போட்டுக்கிட்டாரு. புத்தி பேதலிச்சுப் போச்சு. அதனாலதான் இவள வச்சேன். தெனமும் நெருப்பு போட்டவ, அன்னிக்குன்னு கோட்டை விட்டுட்டா."

பர்டி கணப்புக்குள் கையை விட்டான். புகைவழியில் ஏதோ தட்டுப்பட, பிடித்து இழுத்தான். காய்ந்த சுள்ளிகளும் ஆட்டு ரோமமும் பொலபொலவென்று கொட்டி அவன் சட்டையை நாசமாக்கின.

"போட்டு வச்சிருக்கிற குப்பையைப் பாருங்க" என்றான்.

கில்கிறிஸ்ட் ஒரு சுள்ளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எஃபி, கட்டில் ஒட்டியிருக்கிற இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரு வீடு?"

"கெர் அம்மா வீடு ஐயா. புது வருசப் பண்டிகைக்குத் தங்கச்சி ஊருக்குப் போயிருந்தாங்க. இன்னிக்குக் காலையிலதான் வந்தாங்க."

"கூட்டிட்டு வா."

கெர் அம்மாள் கையில் ரொட்டி மாவோடு மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"இது காக்கைக் கூடு" என்று கில்கிறிஸ்ட் சுள்ளியைக் காட்டினார். "காக்கை கூடு கட்டுறது வசந்தத்துல. நெருப்பு பட்டிருந்தா இது மிஞ்சியிருக்குமா? போன வசந்தத்துலேருந்து இந்தக் கணப்பு எரியவே இல்ல. எஃபி சொன்னது நெசம்."



"அப்ப கட்டில் எதுக்கு இங்க வந்துச்சு?" என்றான் பர்டி.

"இந்த வரிசையில எல்லா வீடும் ஒரே அச்சு. இந்த வீட்டுக் கணப்பு அந்தச் சுவர்ல. இந்தச் சுவருக்குள்ள ஏறுறது அடுத்த வீட்டுப் புகைவழி. கீழ அவங்க சமையல்கட்டுலேருந்து கூரை வரைக்கும் போகுது. எந்த எடத்துல போகுதுன்னு பாத்தாத் தெரியாது. வரைஞ்சவருக்குத் தெரியும்." அவர் கெர் அம்மாளிடம் திரும்பினார். "உங்க அடுப்ப எப்பம்மா அணைப்பீங்க?"

"அணைக்கிறதே இல்லியே. எங்கயாவது ஊருக்குப் போனாத்தான்..." அவள் பார்வை கட்டில்மேல் போனது.

"காலின் ஐயா, அந்தத் தேஞ்ச எடத்துல கைய வச்சுப் பாருங்க."

காலின் அசையவில்லை. எஃபிதான் கையை வைத்தாள். "சுடுது" என்றாள் மெதுவாக.

"கரிய மிச்சம் பிடிச்சது ஒரு குத்தமா?" காலின் சீறினார். "எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டுங்க."

"எதுலயும் இல்ல. ஆனா பொய்ச்சாட்சிக்கு இருக்கு. போலீஸ் பேச்ச விட்டுட்டு, இவளுக்கு நற்சான்று எழுதிக் குடுங்க."

காலின் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை இந்த ஆள் மறுபடி முன்வரிசையில்தான் உட்காருவான் என்று நினைத்தபோது பர்டிக்கு வாயெல்லாம் கசந்தது. ஊருக்கெல்லாம் வீடு கட்டிய பெரியவர், ஊரான் அடுப்புச் சூட்டில் முதுகை ஒட்டி உயிர் வைத்திருந்திருக்கிறார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுப்ப அணைக்காமப் போயிருப்பேனே" என்றாள் கெர் அம்மாள்.

"உங்ககிட்ட ஒரு கூடை கரி கேட்டு வரட்டுமான்னு கேட்டேன்மா" என்றாள் எஃபி. "நான் கட்டின தெருவுல நான் பிச்சை எடுக்கவான்னுட்டாரு."

எல்லோரும் கீழே போன பிறகும் கெர் அம்மாள் போகவில்லை. மாவுக் கையை அந்தத் தேய்ந்த இடத்தில் வைத்தபடி நின்றாள். சுவர் நன்றாகச் சூடேறியிருந்தது.