முதுகு வரையப்படாதவர்கள்

சுகிர்தா தன் கணினி விளையாட்டில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்து மனிதர்கள் யாருக்கும் முதுகு வரையவில்லை. முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டு ஒன்று. பக்கவாட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்கமும் கிடைத்துவிடும். பழைய காலத்து வீடியோ கேம்களில் அப்படித்தான் செய்தார்கள், இடம் மிச்சம். ஆனால் மழை பிடித்துக்கொண்ட அந்தச் சாயங்காலம், கணினித் திரையில் லயத்தின் மூன்றாவது காம்பரா அறையின் வாசலில் நின்ற பெண் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பின்னிய சடை. தோளிலிருந்து தொங்கிய சேலைத் தலைப்பு. நல்ல கைதான் வரைந்திருந்தது. சுகிர்தாவின் கையல்ல.

முதலில் பஹீம் மேல்தான் சந்தேகம் போனது. பஹீம் அக்குறணைக்காரர், அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்; விளையாட்டை இயங்க வைக்கும் நிரல் முழுவதும் அவர் வேலை, படம் முழுவதும் இவள் வேலை. போனில் கேட்டபோது அவர் சிரித்தார். தனக்கு ஒரு கோடு நேராகப் போட வராது என்பது ஊருக்கே தெரியும், சடை பின்னவா வரப்போகிறது என்றார். இவளும் சிரித்துக்கொண்டே பழைய முன்பக்கப் படத்தை எடுத்து அந்த இடத்தில் மறுபடி போட்டாள். பெண் முகத்தைக் காட்டினாள். குசினியில் அம்மா கேத்தலை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டு ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால், மறுபடியும் சடை. பக்கத்து வாசலில் நின்ற கிழவரும் இப்போது முதுகைக் காட்டினார்.

'மூட்டம்' என்ற பெயரில் இவர்கள் இருவரும் செய்த முதல் விளையாட்டு நன்றாகவே ஓடியது. கொழுந்து பறிக்கும் ஒருத்தி, மலையிலிருந்து இறங்கும் மூட்டம் தன்னைத் தொடுமுன் கூடையை நிரப்ப வேண்டும். பளபளப்பான படம், இலையில் பனித்துளி, எல்லாம் இருந்தது. இரண்டாம் பாகத்தைச் சுகிர்தா வேண்டுமென்றே முப்பது வருடம் பின்னால் இழுத்தாள். பெட்டி பெட்டியான புள்ளிகள், நாலே நாலு பச்சை, பீப் பீப் சத்தம். ஏனென்று கேட்டவர்களுக்குப் பழைய பாணிக்கு இப்போது நல்ல மவுசு என்று பதில் சொன்னாள். உண்மை வேறு. பளபளப்பாக வரைந்தால் அந்த முகங்களை அவள் பார்க்க வேண்டியிருக்கும். புள்ளியில் வரைந்தால் யார் யார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

இரண்டாம் பாகத்தில் மலையிலிருந்து இறங்குவது மூட்டமல்ல, மண். புசல்லாவைக்கு மேலே அவள் பிறந்த தோட்டத்தில், ஒரு மழை நாளில் மலை சரிந்து ஒரு லயத்தை அப்படியே மூடியது. அப்பா காளிமுத்து அதோடு மண்ணுக்குள் போனார். யாரையும் தோண்டி எடுக்க முடியவில்லை. எச்சரித்தும் அவர்கள் எழும்பிப் போகவில்லை என்று தோட்ட நிர்வாகம் சொன்னது. எங்கே போவது என்று மட்டும் சொல்லவில்லை. அந்தக் கோபம் சுகிர்தாவுக்கு ஆறவில்லை, அவள் ஆற விடவும் இல்லை. அவளுடைய விளையாட்டில் மண் வருமுன் வாசல் வாசலாகப் போய்த் தட்டலாம். தட்டினால் ஆட்கள் வெளியே வருவார்கள், கீழ் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு ஓடலாம். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எவனோ ஒருவன் கட்டிலில் கிடந்தபடி அவள் அப்பாவைக் காப்பாற்றட்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

பின்னணியில் ஓடும் தப்புப் பறையின் சத்தமும் அப்பாவுடையதுதான். தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு அடிப்பவர் அவர். ஒருமுறை அவர் அடித்ததைப் பழைய போனில் பதிந்து வைத்திருந்தாள். அதை நறுக்கி, பீப் சத்தத்தோடு கலந்து, பழைய விளையாட்டுகளில் வருவதுபோல் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். சாவுத் தப்புக்குக் கடைசியில் முடிப்பு அடி ஒன்று உண்டு. அதை அடித்தால்தான் செத்தவர் புறப்பட்டுப் போவார். முடிக்காமல் விட்ட தப்பு கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்று அவர்கள் தோட்டத்தில் சொல்வார்கள். முடிப்பு வந்த இடத்தில் சத்தம் ஒட்டாமல் இடறியது. வெட்டி எடுத்துவிட்டாள். இடறியது ஒரு காரணம். அப்பாவின் கை ஓய்வது அவளுக்குப் பிடிக்கவில்லை, அது மற்றக் காரணம்.

இப்போது திரையில் அந்தக் கிழவருக்கு அடுத்த வாசலும் திரும்பியிருந்தது. அவள் விளையாட்டைத் தொடங்கி, பொம்மைப் பெண்ணை நடத்திக்கொண்டு போய் முதல் கதவைத் தட்டினாள். வெளியே வரவேண்டியவன் வரவில்லை. நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பி முதுகைக் காட்டினான். இரண்டாவது கதவும் அப்படியே. தட்டத் தட்ட ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசிக் காம்பரா அப்பாவுடையது. அதைத் தட்ட அவளுக்குக் கை வரவில்லை.

எல்லாரும் மலையைப் பார்த்து நின்றார்கள். அது அவளுக்குத் தெரியும். மலை சரிந்த அன்றைக்கு அம்மா பாலம்மா கீழ் ரோட்டுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனதால் தப்பியவள். அந்த நாளைப் பற்றி அம்மா வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது, லயத்து ஆட்கள் எல்லாரும் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார்களாம், ரோட்டிலிருந்து பார்த்தவளுக்கு முதுகுகள்தான் தெரிந்தனவாம். இதைச் சுகிர்தா பஹீமிடம்கூடச் சொன்னதில்லை.

அவர்கள் இருந்த வாடகை வீடு ஹந்தானைச் சரிவில், மேட்டை வெட்டிக் கட்டியது; பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம்தான் இருந்தது. கூரைத் தகரத்தில் மழை கொட்டியது, கீழே பேராதனை வீதியில் பஸ்கள் ஹாரன் அடித்தபடி ஊர்ந்தன, எங்கோ பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னது மழையில் கரைந்து அரைகுறையாக வந்தது, இதற்கெல்லாம் அடியில் அந்தத் தப்பு நிதானமாக, அவசரமே இல்லாமல், யாரோ வரும்வரை அடிப்போம் என்பதுபோல் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒலியை அடைத்தாள். கணினி ஊமையானது. தப்பு நிற்கவில்லை. மண் மேட்டுப் பக்கமிருந்து, சுவரை ஊடுருவிக்கொண்டு, மழையோடு மழையாகக் கேட்டது.

பஹீம் திரும்ப அழைத்தார். அவர் குரலில் சிரிப்பில்லை. தன் வீட்டில் விளையாட்டைத் திறந்து பார்த்ததாகவும், அங்கேயும் எல்லாரும் திரும்பி நிற்பதாகவும், நிரலில் அப்படி எதுவும் இல்லவே இல்லை என்றும் சொன்னார். முடிப்பு அடியைப் பற்றி எப்போதோ பேச்சுவாக்கில் அவள் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது.

"தங்கச்சி, நீங்க வெட்டின முடிப்ப நான் அழிக்கல்ல, வெச்சீக்கிறன். இப்ப அனுப்புறன். போட்டு முடிங்க."

"முடிச்சா அப்பா போயிருவாரு, நானா."

"கூப்புட்டா வாரது அவர் மட்டும்தான் என்டு யாரு செல்றது?"

சுகிர்தா திரையில் கடைசிக் காம்பராவைப் பார்த்தாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்தைவிட உரத்து ஒன்று அவளுக்குள் எழும்பி நின்றது. தோட்டமும் முடிந்தது என்றது, அரசாங்க ஆபீசும் முடிந்தது என்றது, சொந்தக்காரர்களும் ஆன கதையை விடு என்றார்கள். இனி இவளும் தன் கையால் முடிக்க வேண்டுமாம். தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் என்ன முழம் என்ன.

"வரச் சொல்லித்தான் கூப்புடுறேன்," என்றாள். "வரட்டும்."

போனை வைத்தாள். பஹீம் அனுப்பிய துண்டு திரையின் மூலையில் வந்து நின்றது. அதைத் தொடவில்லை. ஒலியைத் திறந்து, எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவும் கூட்டிவிட்டு, கடைசிக் காம்பராவின் கதவைத் தட்டினாள்.

திரையில் அப்பா திரும்பினார். அதே கணத்தில் நனைந்த கம்பளியின் வாடை வந்தது. கொழுந்து மலையில் நாளெல்லாம் மழையில் நனைந்துவிட்டு லயத்து வாசல் இஸ்தோப்பில் உதறிப் போடும் கம்பளியின் வாடை. இந்த வீட்டில் கம்பளி இல்லை. வாடை ஹோலிலிருந்து வந்தது.

எழுந்து அறை வாசற்படிக்குப் போனாள்.

ஹோலின் பின்சுவரை ஒட்டினாற்போல் வரிசையாக நின்றார்கள். பின்னிய சடை. கிழவரின் கூன். முதல் காம்பராப் பையனின் நனைந்த சட்டை. புள்ளியில்லை, பெட்டியில்லை. ஆளுயரம். எல்லாரும் சுவரைப் பார்த்து. அவர்களிடமிருந்து தண்ணீர் சொட்டவில்லை; தரை மட்டும் நனைந்துகொண்டே போனது. கடைசியில் ஒரு முதுகு, தப்பு வார் மாட்டி மாட்டி ஒரு பக்கம் சரிந்த தோள்.

"அப்பா," என்றாள்.

அவர் திரும்பவில்லை.

"நான்தான் கூப்புட்டேன். என்னையப் பாருங்க."

இல்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை வருடம் ஒருத்தி ஒற்றையாளாக இவர்களுக்காக மல்லுக்கட்டியிருக்கிறாள், ஒரு முறை திரும்பிப் பார்த்தால் என்ன குறைந்தா போகும். அப்போதுதான் கவனித்தாள். அப்பாவுக்கும் கிழவருக்கும் நடுவில் இடைவெளி. ஒரு ஆள் நிற்கும் அளவு.

குசினியிலிருந்து அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். வரிசையைப் பார்த்தாள். கத்தவில்லை. கோப்பையைக் கதிரையின் மேல் பத்திரமாக வைத்தாள்.

"எனக்கு எடம் விட்டு நிக்கிறாங்க பாரு, பாப்பா," என்றாள்.

போய் நின்றாள். முதுகைக் காட்டி. காய்ந்திருந்த அவள் தலைமயிர் நனைந்து கழுத்தோடு ஒட்டியது.

சுகிர்தா கணினிக்கு ஓடினாள். அப்பாவை யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை. பஹீம் அனுப்பிய துண்டை இழுத்துத் தப்பின் வாலில் போட்டாள். முடிப்பு அடி விழுந்தது. அப்பாவின் கை, திடமாக, அவளுக்கு நன்றாகத் தெரிந்த அடி. பிறகு அமைதி. ஒரு மூச்சு அளவு அமைதி. பிறகு முதல் அடி. மறுபடி. சுற்றி வரும்படி ஓடவிட்டது அவள்தானே. முடிந்து, தொடங்கி, முடிந்து, தொடங்கி. மின்சார வயரைப் பிடுங்கினாள். கணினியின் மூடியைச் சாத்தினாள். போய்க்கொண்டே இருந்தது.

ஹோலுக்கு வந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். அம்மா அசையவில்லை. வேர் விட்ட கட்டை.

அப்படியா. சரி.

வரிசைக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்தாள். முதுகு சுவரில் உரசியது. சுவர் ஈரம். குளிர்.

முகங்கள். மண் அப்பிய முகங்களாக இருக்கும் என்று இத்தனை வருடம் பயந்திருந்தாள். இல்லை. சாதாரண முகங்கள், சோறு உண்ணக் கூப்பிட்டால் வருகிற முகங்கள். அப்பாவின் நரை மீசை. அந்தக் கண்களுக்காகத்தான் எல்லாம். கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே பார்த்தன. அம்மாவின் கண்களும் அங்கேதான்.

அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தாள். இறுக்கி.

"அம்மாவத் தர மாட்டேன்," என்றாள். அப்பாவிடம் சொன்னாளா, தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் மண் மேட்டிடம் சொன்னாளா, அவளுக்கே தெரியவில்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும். "ஒரு தடவ எடுத்தது போதும். தர மாட்டேன்."

மழை நின்றது.

தப்பு நின்றது.

பிடரியில் ஈர மண்ணின் மூச்சு. சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை.

எதிரே எல்லாக் கண்களும் ஒன்றாக, மெதுவாக, மேலே ஏறின. அப்பாவின் கழுத்து அண்ணாந்தது. அம்மாவின் வாய் திறந்தது. இன்னும் மேலே. கூரை இருக்க வேண்டிய உயரத்தையும் தாண்டி, இன்னும் மேலே.

சுகிர்தா காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். அம்மாவின் கையை விடவில்லை. திரும்பவும் இல்லை.