மடியில் வந்த கடுகுக் கீரை

மத்தியானம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தபோது வீட்டுக்குள் கேரி பேக் கசங்கும் சத்தம் கேட்டது. சுலோச்சனா வீட்டில் கேரி பேக்கே கிடையாது. போன வாரந்தான் எல்லாவற்றையும் பெருக்கி எரித்திருந்தாள். எலி என்று நினைத்துக்கொண்டாள்.

சாலவாக்கத்தில் எந்த அடுப்பில் எது கொதிக்கிறது என்று வாசலில் நின்றே மூக்கால் சொல்லிவிடுகிறவள் சுலோச்சனா. இரண்டாயிரம் பிறந்த அந்த வருஷம் ஏரிக்கரையோரம் கம்பெனிக்காரர்கள் வேலி போட்டுக் கடுகு விதைத்தால், என்னவென்று பார்க்காமல் இருப்பாளா? களையெடுக்கும் கூலிக்குச் சேர்ந்துகொண்டாள். இந்தச் செடி இலைக்குள்ளேயே பிளாஸ்டிக் சுரக்கும், மண்ணில் போட்டால் மூன்றே மாதத்தில் மக்கிவிடும், ஓர் இலைகூட வெளியே போகக்கூடாது என்றார் ஆபீசர். மாடு பால் கறக்கிற மாதிரி இது பக்கெட் கறக்குமா என்று பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். களையெடுக்கப் போனால் மடியில் ஒரு பிடி கீரை கட்டிவருவது அந்தப் பக்கத்து வழக்கம். வாட்ச்மேன் தூக்குவாளியைத் திறந்து பார்த்தான். பொம்பளை மடியை எவன் சோதிப்பான்?

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் புஷ்பாவின் நாக்கு கீரைக்கு ஏங்கியது. மடியில் வந்ததையே, மகள் வந்த எட்டு நாளும் சுலோச்சனா கடைந்து போட்டாள். மத்தில் நூல் நூலாக ஏதோ இழுபட்டது. இளங்கீரையின் கொழகொழப்பு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தெருவிடம் சுலோச்சனா மறைத்த ஒரே சமாச்சாரம் அதுதான்.

மறுபடி சத்தம். சரசரவென்று, நிதானமாக, பைக்குள் யாரோ கைவிட்டுத் துழாவுவதைப் போல. அரிசிப் பானைக்குப் பின்னால், பரண்மேல், அடுப்படி மூலையில் தேடினாள். எலி இல்லை. புதுப் பக்கெட்டின் வாசனை மட்டும் வந்தது. உள்ளறையிலிருந்து. புஷ்பா பாயில் படுத்திருந்த அறையிலிருந்து.

"யம்மா, பொரண்டு பட்த்தா சத்தம் வர்து," என்றாள் புஷ்பா. "காலைலேர்ந்து புள்ள அசையவே இல்ல. இப்போ உள்ள இன்னாவோ பிராண்டிக்கினு கீது."

"ஒண்ணும் இல்லடி. வாயுவா இருக்கும்."

பக்கத்து வீட்டைக் கூப்பிட வாயெடுத்தாள். என்ன கீரை என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

ஜன்னலைத் திறந்தாள்.

மழைக்கு முந்தின மஞ்சள் வெளிச்சம் மகளின் வயிற்றில் விழுந்தது. விழுந்து, நிற்கவில்லை. உள்ளே போயிற்று.

நரம்பு இல்லை. சுருக்கம் இல்லை. பளபளப்பு.

மண்ணில் போட்டால் மக்கிவிடும்.

மண்ணில் போட்டால்.

உள்ளேயிருந்து ஐந்து சின்ன விரல்கள் வந்து ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் ஒரு வாய். அது மூச்சுக்காகத் திறந்து, அந்தத் தோலை உள்ளே இழுத்தது.