வெட்டிய ஓரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது செல்வகுமாரின் எடிட்டிங் அறை. அன்றும் பத்தரை மணிக்கு வந்தான். ஏசியைப் போட்டான். ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புத் தாள் ஒரு மூலையில் பிரிந்திருந்தது, அழுத்தி ஒட்டினான். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே இருட்டு.

ஒரு கும்பாபிஷேக வீடியோ இரண்டு சேனல்களுக்குப் போக வேண்டியிருந்தது. ஒன்றுக்கு அகலப் படம். ஆவடி கேபிள் சேனலுக்கு இன்னமும் பழைய டிவிக்கான சதுரப் படம்தான். அதற்கு இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். நடுவில் இருப்பது மட்டுமே மிஞ்சும்.

வெட்டினான். படம் குறுகியது, இருபுறமும் கறுப்புப் பட்டைகள் நின்றன.

இடது பட்டைக்குள்ளிருந்து நான்கு விரல்கள் நீண்டு, படத்தின் விளிம்பைப் பிடித்திருந்தன.

துணியால் திரையைத் துடைத்தான். போகவில்லை. விளிம்பை இன்னும் உள்ளே தள்ளி வெட்டினான். மணிக்கட்டும் பச்சைக் கண்ணாடி வளையலும் தெரிந்தன. மறுபடி வெட்டினான். முழங்கை. மஞ்சள் புடவையின் தலைப்பு.

வெட்ட வெட்ட, அவள் உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

ஒயர் கருகும் நாற்றம் அடித்தது. பிளக்கைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது.

அந்த நாற்றம் அவனுக்குத் தெரியும்.

போன ஆடியில் வேப்பம்பட்டு அம்மன் ஊர்வலத்தைப் படம்பிடித்தவன் அவன்தான். படத்தின் இடது ஓரத்தில் சீரியல் லைட் கட்டிய இரும்புக் கம்பம், அதில் தோல் உரிந்த ஒயர். மஞ்சள் புடவையில் வந்து கம்பத்தைப் பிடித்த கெங்கம்மாள் அங்கேயே விழுந்தாள். மயங்கி விழுந்து செத்தாள் என்றார்கள் விழாக்காரர்கள். போலீஸ் விசாரணைக்கு வீடியோ கேட்டபோது, கமிட்டித் தலைவர் லோகநாதன் இந்த அறைக்கே வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"ஓரம் இன்னாத்துக்கு நைனா? நடுவுல அம்மன் கீது இல்ல, அது போதும். சதுரமாவே குடுத்துடு."

ஊரில் எந்த விசேஷம் என்றாலும் அவனைக் கூப்பிடுகிறவர். கொடுத்துவிட்டான். கெங்கம்மாளின் மகள் யுவராணி, "எங்கம்மாவ கரண்டுதான் அடிச்சிது" என்று ஒவ்வொருவரிடமாக ஓடிச் சொன்னபோது, அவன் தலைகுனிந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அகலப் படத்தை அழிக்க மட்டும் மனசு வரவில்லை.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ரயிலேறினான். வேப்பம்பட்டு ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்து, தெருமுனையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு நடந்தான். யுவராணி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா எப்படிச் செத்தாங்கன்ற வீடியோ என்கிட்ட கீது, யுவராணி. நான்தான் மறைச்சிட்டேன்."

அவள் திட்டவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"போடுண்ணா."

மேளச் சத்தம். அம்மன். இடது ஓரத்தில் கம்பம், ஒயர்.

கம்பத்தடியில் யாருமே இல்லை.

திடீரென்று கூட்டம் அலறியது. நாலு பேர் ஓடிவந்து குனிந்து, வெறும் காற்றைத் தூக்கினார்கள். பாரம் தாங்காமல் அவர்கள் கைகள் நடுங்கின.

"எங்கம்மா எங்கண்ணா?"

"இங்கதான்... இங்கதாம்மா நின்னுச்சு. சத்தியமா."

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"இதுலேந்தும் வெட்டிட்டியா?"

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுகை தெருமுனை வரைக்கும் அவனோடு வந்தது. ஆட்டோவுக்கு வெளியிலேயே கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாண்ணா நிக்கிறே? அந்த மஞ்சப் பொடவ அம்மா அப்பவே ஏறிட்டாங்க. நடுவுலயே குந்திகினு கீறாங்க. கொஞ்சம் தள்ளி ஒக்காரச் சொல்லு."