கோழி இல்லாத வீட்டு முட்டைகள்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. இன்னும் நெருங்கி, என் முழங்கால் பக்கமா. கண்டனூரில் ஒரு வீட்டுக்குள் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சூடுதான். இடது மார்பில் இருந்த கட்டி, காய்ச்சலே இல்லாமல், தனியாகச் சுட்டது. காரைக்குடியில் டீச்சராக இருந்த இன்பமேரி அதைப் புருஷன் ஜோசப் ராஜிடம் சொல்லத்தான், தொண்ணூற்றாறாம் வருஷத்துச் சித்திரை மதியத்தில் கண்டனூருக்கு பஸ் ஏறினாள்.

கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற பெரிய வீடு அது. அதன் பின்கட்டை வாடகைக்குப் பிடித்து, ஆராய்ச்சிக்காரரான அவர் கோழி முட்டைக்குள் வைரஸ் வளர்த்தார். "மதுரைக்குப் போயி அறுத்துக்க வேணாம் மேரி. புத்துக்கட்டிய மட்டும் தேடித் தின்கிற மாதிரி இத மாத்தியிருக்கேன்" என்றிருந்தார். நம்பினாள். ஒவ்வொரு ஊசிக்கும் சிலுவை போட்டு, தானே மார்பைக் காட்டினாள்.

வாசலில் காவல்காரி அழகி சிரித்தாள். "கோழியும் இல்ல, சேவலும் இல்ல, முட்டை மட்டும் தட்டுத் தட்டா உள்ள போகுது. உங்க வீட்டுக்காரரு அடைகாக்குறாகளோ, டீச்சரம்மா?"

உள்ளே, வௌவால் எச்சமும் பழைய எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை தொண்டையில் ஒட்ட, பூட்டிய அறைகளை ஒவ்வொன்றாகக் கடந்து போகையில், நகத்தால் தட்டுவதுபோல் ஒரு சத்தம் அவளோடு கூடவே வந்தது.

ஜன்னல் அடைத்த இருட்டறையில் ஜோசப் ராஜ் ஒரு முட்டையை டார்ச்சின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு நரம்புகள். நடுவே துடிக்கும் கறுப்புப் புள்ளி.

"கட்டி கரையலங்க. பெருசாகுது. சுடுது."

"தெரியும். முட்டையில வளந்தா அதுக்குப் பலமில்ல மேரி. உன் கட்டியிலதான் நல்லாப் பெருகுது."

"என்னைக் குணமாக்கத்தான போட்டீக?"

"முதல்ல பெருகட்டும். எத்தனை பொம்பளைக பிழைப்பாக தெரியுமா?"

"நானு?"

அவர் முட்டையைப் பதமாகத் தட்டில் வைத்தார். அந்தப் பதம் அவளுக்குத் தெரியும். ஊசி போட்ட இடத்தை அதே பதத்தோடுதான் தடவிக் கொடுப்பார்.

கதவுக்குத் திரும்பினாள். தாழ் விழுந்திருந்தது.

"அசையாத. ஒரு தடவை பாத்துக்கிறேன்."

டார்ச் அவள் மார்பின் அடியில் பதிந்தது. சேலையோடு சேர்ந்து சிவந்தது சதை. நரம்புகள். நடுவே கறுப்புப் புள்ளி.

அது வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது.

டொக்.

உள்ளிருந்து.

தட்டுகளில் இருந்த முட்டைகள் எல்லாம் பதிலுக்குத் தட்டின.

போய்த் தூங்குங்க, என் கண்ணுகளா. உங்க வீட்டில் நீங்க நம்பிச் சாய்கிற தோள், என்றைக்கும் உங்களுக்குத் தோளாகவே இருக்கட்டும். பிள்ளை குட்டிகளோடு நோய் நொடியில்லாமல் நல்லா இருங்க.