நிழல் பட்ட கீழ்க்காய்நெல்லி

கொழும்பு பேரே வாவிக்கரையில் அன்று காலை தொட்டாற்சுருங்கி தொடாமலே சுருங்கியது. கிளாக்கர் கதிர்காமநாதன் நின்றுவிட்டார். இடப்பக்கத்துப் புல்லில், அவர் கால் போகாத இடத்தில், அவருடைய நிழல் விழுந்த அளவுக்கு மட்டும் இலைகள் மடிந்து கிடந்தன.

ஆறு வயது மகள் அருந்ததிக்குச் செங்கமாரி. கண்ணெல்லாம் மஞ்சள். மருந்துக்குக் கீழ்க்காய்நெல்லி கேட்ட பரியாரியார், "கிழக்கைப் பார்த்து நிண்டு பிடுங்குங்கோ. உங்கட நிழல் அதில விழப்படாது" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டிருந்தார். மனுசன் கேட்டால்தானே! செடிக்கு மேற்கே சேறு. புதுச் சப்பாத்துப் பழுதாகிவிடும் என்று, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, நிழல் செடியில் விழ, சற்று முன்தான் குனிந்து பிடுங்கியிருந்தார்.

வாவியிலிருந்து ஊறின தேங்காய் மட்டை நாற்றமும், தண்ணீரை மூடி ஊதாப் பூப் பூத்துக் கிடந்த ஜப்பான் ஜபராச் செடிகளின் ஈர வாடையும் மூக்கில் ஏற, அவர் விரலால் வெயிலில் நின்ற ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார். சுருங்கியது, கொஞ்ச நேரத்தில் விரிந்தது. நிழல் பட்டவை விரியவில்லை. கறுத்துப்போயிருந்தன. ஒரு தும்பி நிழலுக்குள் பறந்து வந்தது. சிறகு மடிந்து விழுந்தது.

மூலிகையைத் தண்ணீரில் எறிந்தார். நிழல் போகவில்லை.

கொட்டாஞ்சேனை வரைக்கும் மர நிழலிலும் மதில் ஓரத்திலும் பதுங்கிப் பதுங்கி வந்தார். வீட்டுப் படலைக் கதவோடு நின்றுகொண்டார். இருட்டும்வரை உள்ளே போவதில்லை, அவ்வளவுதான். முதுகில் வெயில் சுட்டது. நிழல் முற்றத்தில் நீண்டு கிடந்தது.

"ஏன் அங்கேயே நிக்கிறியள்? பிள்ளை எழும்பியிட்டாள்" என்றாள் மனைவி அன்னபாக்கியம்.

அவளுக்குப் பின்னாலிருந்து அருந்ததி தள்ளாடி வந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அப்பாவின் நிழலை ஓடி மிதிப்பது அவளுக்கு எப்போதும் விளையாட்டு.

"வராதை!"

அவர் பின்வாங்கினார். பிள்ளை எட்டி மிதித்தாள்.

முதலில் கால்விரல்கள். ஒவ்வொன்றாக. பிறகு முழங்கால். கைகள் நெஞ்சோடு மடிந்தன. மஞ்சள் கண்கள் அவரையே பார்த்தபடி மெல்ல மூடின.

தும்பி விழுந்த அளவுக்குக்கூடச் சத்தமில்லை.